பாலத்துக்கு முந்திய நிலையம்

சனிக்கிழமை காலை 7.50. ரொறன்ரோ யூனியன் நிலையத்தில் வரிசை நீண்டு கிடந்தது. நயாகராவுக்குப் பத்து டொலர் வாரயிறுதிச் சீட்டில் ஒரு ரயில் போகிறது. ஆனாலும் நான் பிடிவாதமாக, எல்லை தாண்டி நியூயோர்க் வரை ஓடும் ரயிலில் ஆளுக்கு இருபத்தெட்டு டொலர் கொடுத்துச் சீட்டு எடுத்திருந்தேன். பழைய ரயில் பாதைகளின் ஓரம் நட்டிருக்கும் வரலாற்றுப் பலகைகளை வாசிப்பது எனக்கொரு பைத்தியம். கனடாப் பக்கத்துக் கடைசி நிலையத்தில் இறங்கி, பாலத்தடிப் பலகையைப் பார்ப்பதாகத் திட்டம். அமெரிக்காவில் அடிமைகளாக இருந்தவர்கள் தப்பி, ரயிலில் ஒளிந்து கனடாவுக்குள் வந்த இடம் அது. அங்கே எல்லை தாண்டும் ரயிலில்தான் போகவேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

கூட வந்தவன் அன்ரன், என் மனைவி வசந்தியின் சித்தி மகன். மன்னார்க்காரன், வயது முப்பத்தினாலு. அகதிக் கோரிக்கை கொடுத்துவிட்டு ஒன்றரை வருடமாகக் காத்திருக்கிறான். விசாரணை வருகிற புதன்கிழமை. வீட்டுக்குள் கிடந்து யோசித்தே மெலிந்துபோனவனை எங்கேயாவது கூட்டிப்போகச் சொன்னவள் வசந்திதான். வாசலில் நின்று வெருட்டியவளும் அவள்தான்.

"இஞ்சரப்பா, லோயர் சொன்னது ஞாபகம் இருக்குத்தானே? விசாரணைக்கு முதல் இவன் எல்லை தாண்டினால் கேஸ் அவ்வளவுதான். பலகையைக் கண்டவுடனை இவனை மறந்திடாதேங்கோ."

"நான் என்ன சின்னப்பிள்ளையே?" என்றேன்.

8.20க்கு ரயில் புறப்பட்டது. பெட்டியில் பாதி காலி. அன்ரனோ கழிப்பறைக்கு ஒட்டின இருக்கையில் போய்க் குந்திவிட்டான். ஆயிரம் இடமிருக்க இந்த நாற்றத்துக்குள் ஏன் என்று எனக்கு எரிச்சல். நிலையத்துக்கு மேற்கே, மலைகளைக் குடைந்து தண்டவாளம் போட்டு மடிந்த சீனத் தொழிலாளரின் நினைவுச்சின்னம் இருக்கிறது. அதை எட்டிப் பார்த்தேன், தெரியவில்லை.

9.30. வழி நெடுக நான்தான் பேசிக்கொண்டு வந்தேன். மொத்தத் தூரம் நூற்றிமுப்பது கிலோமீற்றர், அவன் பாவம்.

"தப்பி வந்த ஒராள், ரயில் பாலத்திலை ஏறினாப் பிறகும் தலையை நிமித்தவே இல்லையாம். அருவியைப் பார் எண்டு எல்லாரும் கத்தினவையாம். நடுப்பாலம் தாண்டியிட்டுது, இனிக் கனடா எண்டு உலுக்கிச் சொன்னாப் பிறகுதான் நிமிந்தாராம்."

நான் சிரித்தேன். அன்ரன் சிரிக்கவில்லை.

"உலுக்கினது ஆர், அத்தான்? தெரிஞ்ச ஆளோ?"

"ஓம், கூட்டி வந்த ஆள்தான்."

10.25. நயாகரா நிலையம். கனடிய ஊழியர்கள் இறங்க, கருநீலச் சீருடையும் தொப்பியுமாக அமெரிக்க ஊழியர்கள் ஏறினார்கள். நான் பைகளை எடுத்துக்கொண்டே பாலம் தெரிகிறதா என்று ஜன்னலால் பார்த்தேன். திரும்பினால் அன்ரனைக் காணவில்லை.

இறங்கிவிட்டானாக்கும் என்று நானும் இறங்கினேன். மேடையில் அவன் இல்லை. அழைத்தேன். என் கையிலிருந்த அவன் பைக்குள்ளேயே போன் அடித்தது. அடுத்த நிலையம் அமெரிக்கா. திரும்ப ஓடி ஏறினேன். "ஐந்து நிமிடத்தில் எடுக்கிறோம், இறங்குகிறீர்களா இல்லையா?" என்று ஆங்கிலத்தில் கேட்டபடி ஓர் ஊழியர் பின்னால் வந்தார்.

கழிப்பறை உள்ளே பூட்டியிருந்தது. தட்டினேன்.

"அன்ரன், நான் அத்தான். கதவைத் திற. இறங்க வேணும்."

இன்னும் பலமாகத் தட்டினேன். உள்ளேயிருந்து மெல்லிய குரல் வந்தது.

"அத்தான், உங்களுக்குப் பின்னாலை ஆர் நிக்கினம்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவனுடைய ஊரில் ஆட்களைத் தேடி வந்த சீருடைக்காரர் தாங்கள் கதவைத் தட்டுவதில்லை. தெரிந்த ஒருவரைப் பிடித்து வந்து கூப்பிட வைப்பார்கள். அப்படி அன்ரனின் மாமாவின் குரலைக் கேட்டுக் கதவைத் திறந்த அவனுடைய அப்பா திரும்பி வரவேயில்லை. விசாரணைக்கான அந்த வாக்குமூலத்தை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தவனே நான். ஊர்ப்பட்ட பலகைகளெல்லாம் மனப்பாடம், இது மட்டும் மறந்துவிட்டது. வெட்கமாக இருந்தது.

ஒருவரும் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு சொன்னேன்.

"ஒராள் நிக்கிறார். ரயில் ஊழியர். கையிலை சீட்டு ஓட்டை போடுற குறடு, வேறை ஒண்டுமில்லை. அவரைத் தள்ளிப் போகச் சொல்லுறன். பொறு."

ஊழியரிடம் ஆங்கிலத்தில் கெஞ்சினேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பெட்டியின் மறுகோடிவரை நடந்து, நான் கேட்காமலே முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றார்.

"போயிட்டார். இப்ப நான் மட்டும்தான்."

தாழ்ப்பாள் விலகியது.

10.41. மேடையில் நின்றோம். ரயில் எங்களை விட்டுவிட்டுப் பாலத்தில் ஏறியது. அன்ரன் என் கையை விடவில்லை. நானும் விடவில்லை.

பாலம் அங்கிருந்து சில நிமிட நடை. மேல்தட்டில் ரயிலும் கீழ்த்தட்டில் குதிரைவண்டியும் போன பழைய பாலத்தைப் பற்றிப் பலகை சொன்னது. இரண்டு வரிக்குமேல் எனக்கு ஓடவில்லை.

"தலையை நிமித்தினாப் பிறகு, அந்தாளுக்குப் பயம் விட்டிட்டுதாமோ?" என்று கேட்டான் அன்ரன்.

"அது இதிலை எழுதேல்லையடா."

மாலை 5.15க்கு, இரண்டு தட்டுள்ள அந்தப் பத்து டொலர் ரயிலில் திரும்பினோம். மேல்தட்டில் ஏரியைப் பார்த்தபடி போக எத்தனையோ இருக்கைகள் காலியாகக் கிடந்தன. நான் அங்கிருந்த ஊழியரிடம் கழிப்பறை எந்தப் பெட்டியில் என்று கேட்டு, அதற்குப் பக்கத்து இருக்கையில் பையைப் போட்டு அன்ரனுக்கு இடம் பிடித்தேன். அவன் உட்கார்ந்தான். புதன்கிழமை விசாரணைக்கும் நேரத்தோடு போய், கதவோரக் கதிரையை அவனுக்குப் பிடிக்கவேண்டும்.