அனுப்புநர் ஏற்கப்படவில்லை

தொண்ணூறுகளின் கடைசியில், கருமத்தம்பட்டியில் எங்கள் தெருவுக்கே ஒரே ஈமெயில் என்னுடையதுதான். முன்னறையில் கம்ப்யூட்டர் வைத்து டைப்பிங் வேலை செய்துகொண்டிருந்தேன். போன் ஒயரை மோடத்தில் செருகி, அது கீச்சுகீச்சென்று கத்தி முடிக்கும்வரை காத்திருந்தால் சில நாள் இன்டர்நெட் வரும், சில நாள் வராது. வராத நாளில் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசமாட்டேன்.

பக்கத்து வீட்டு மாமா வீட்டோடு விசைத்தறி போட்டு ஓட்டிக்கொண்டிருந்தார். போனுக்கு எழுதிப்போட்டு வருடக்கணக்கில் காத்திருந்த வீடு அது. அவர்களுடைய ஒரே மகன் அமெரிக்காவிலிருந்து எங்கள் நம்பருக்குத்தான் கூப்பிடுவான். கூட வேலை பார்க்கும் வடநாட்டுப் பெண்ணைக் கட்டிக்கொள்ளப் போவதாக அவன் சொன்ன நாளிலிருந்து அத்தை மட்டும்தான் பேச ஓடிவருவார். மாமா வரமாட்டார். கடைசியாகப் பேசியபோது, வெள்ளிக்கிழமை அங்கேயே ரிஜிஸ்டர் கல்யாணம் என்று சொல்லிவிட்டான். அத்தை சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார்.

செவ்வாய்க்கிழமை மாமாவே வந்து நின்றார். "ஏனுங்க அம்மணி, அந்த ஈமெயில்ல பையனுக்கு ஒண்ணு எழுதோணுமுங்க."

போனில் பேசினால் சொல்ல வந்தது பாதியில் நின்றுவிடுமாம். தபால் போய்ச் சேர்வதற்குள் கல்யாணமே முடிந்துவிடும். சரி, சொல்லுங்கள் என்று உட்கார்ந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் தறி ஓடும் சத்தம். பாவம், மனுஷன் மனதுக்குள் வைத்திருந்ததையெல்லாம் கத்திக் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. கத்தியும் இரண்டு வரிதான் தேறியது. "உன் இஷ்டம் போல் செய்துகொள். எங்கள் ஆசீர்வாதம் உண்டு." அதை இங்கிலீஷ் எழுத்தில் அடித்தேன்.

மெயில் தன் பேரில் போக வேண்டும், இல்லாவிட்டால் நான் எழுதியதாக நினைத்துக்கொள்வான் என்றார். அனுப்புகிறவர் பேரும் முகவரியும் இருக்கும் பக்கத்தைத் திறந்து, பேரை அவரையே அடிக்கச் சொன்னேன். அடுப்பில் பால் பொங்கியது. நான் உள்ளே போய் வருவதற்குள் ஒற்றை விரலால் அடித்து முடித்திருந்தார்.

அனுப்பினேன். மெயில் போகவில்லை. திரையில் ஒரு கட்டம் வந்து நின்றது.

"என்னங்க சொல்லுது?"

"அனுப்புனவரை ஏத்துக்க முடியாதுன்னு திருப்பிருச்சுங்க மாமா. இருங்க, என்னன்னு..."

அவர் எழுந்துவிட்டார். "செரிங்க அம்மணி. வேண்டாம்னு திருப்பிப்போட்டான். அவனுக்கும் கோவம் இருக்குமில்லீங்க." செருப்பை மாட்டிக்கொண்டு போயே விட்டார். நான் பின்னாலிருந்து கூப்பிட்டது தறிச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை.

எனக்கு ஆத்திரமாக வந்தது. கோயமுத்தூரில் இன்டர்நெட் கொடுக்கும் கம்பெனிக்கு போன் போட்டேன். வெகுநேரம் என்கேஜ்டு. கடைசியில் ஒரு பையன் எடுத்தான். கண்ட குப்பை மெயிலெல்லாம் வருவதால், அனுப்புகிறவர் முகவரி நிஜமாகவே இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அவர்களுடைய சர்வர் இப்போது வாங்கிக்கொள்கிறதாம். "உங்க அட்ரஸைச் செரியா அடிச்சீங்களா மேடம்?"

"என் அட்ரஸ் எனக்குத் தெரியாதுங்களா?" என்று போனை வைத்தேன்.

வைத்த கையோடு அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். என் முகவரியில் 'டாட் காம்' முடிந்த இடத்தில் இன்னொரு புள்ளி வைத்து, 'பிபி' என்று இரண்டு இங்கிலீஷ் எழுத்து. பக்கத்து வீட்டு போன் நம்பரை விசிட்டிங் கார்டில் போட்டுக்கொள்கிறவர்கள் கூடவே பி.பி. என்று அச்சடிப்பார்கள், இது எங்கள் போன் இல்லை, கூப்பிட்டு விடுவார்கள் என்று அர்த்தம். மாமாவின் கார்டிலும் எங்கள் நம்பர் அப்படித்தான் இருந்தது. ஈமெயிலுக்கும் அதே மரியாதையைச் செய்திருக்கிறார். அப்படி ஒரு முகவரி உலகத்திலேயே கிடையாது. சர்வர் எப்படி வாங்கும்?

அதை அழித்துவிட்டு எனக்கே ஒரு மெயில் அனுப்பினேன். உடனே வந்து சேர்ந்தது.

தறிக்கூடத்துக்கு ஓடினேன். மாமா அறுந்த இழையைக் கையில் பிடித்தபடி சும்மா நின்றுகொண்டிருந்தார். காதருகே போய்க் கத்தினேன். "திருப்புனது உங்க பையனில்லீங்க மாமா! இங்க கோயமுத்தூர்லயே நிறுத்திப்போட்டாங்க!"

"அப்ப அவன் இன்னும் பாக்கவே இல்லீங்களா?"

"இல்லீங்க. பி.பி. எதுக்குங்க போட்டீங்க?"

"உங்கூட்டு அட்ரஸை நம்முளுதுன்னு போட்டுக்கலாமுங்களா? முறையில்லீங்களே."

திட்டலாம் என்றுதான் போயிருந்தேன். அவரைக் கையோடு வீட்டுக்குக் கூட்டி வந்தேன்.

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தவர், முதலில் எழுதியதைப் படிக்கச் சொன்னார். படித்தேன். "அதை எடுத்துப்போடுங்க" என்றார். "திருப்பிட்டான்னு நெனச்சப்ப எனக்கு நெஞ்சே அடைச்சுப்போச்சுங்க. இத்தன நாளா அவனுக்கும் அப்படித்தான இருந்திருக்கும்?"

புதிதாகச் சொல்லச் சொல்ல அடித்தேன். "கண்ணு, அப்பா பேசாம இருந்தது தப்பு. வெள்ளிக்கிழமை வேண்டாம். ரெண்டு பேரும் இங்க வாங்க. நாங்க முன்னால நின்னு பண்ணி வைக்கிறோம்."

மெயில் போய்விட்டது.

மறுநாள் காலையில் நான் கோலம் போட்டு முடிப்பதற்குள் மாமாவும் அத்தையும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். மோடம் கத்தி முடித்தது. ஒரே ஒரு மெயில் வந்திருந்தது. "அப்பா, தள்ளி வெச்சுட்டோம். வர்றோம்."

அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டார். மாமா திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"பதில் போடலாமுங்களா அம்மணி?"

"போடலாமுங்க. என்ன எழுதட்டுங்க?"

மாமா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அந்தப் புள்ளைக்குக் காரம் ஆகுமான்னு கேளுங்க."