பூஜையில் இருந்த கிராபிக்ஸ் கார்டு

எங்கள் தெருவில் யாருக்காவது பேய் பிடித்திருக்கிறது என்றால் முதலில் ரத்தத்தில் சர்க்கரை பாருங்கள் என்று சொல்கிற ஆள் நான். கொச்சி மட்டாஞ்சேரியில் பதினைந்து வருடம் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்த்தவன். ஒயர் சரியாக இருந்தால் ஓடும், இல்லாவிட்டால் ஓடாது, நடுவில் மூன்றாவதாக ஒன்று கிடையாது என்பதுதான் என் மதம். அதனால் இதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் எனக்குக் கோபம் வராது. உங்கள் இடத்தில் நான் இருந்தால் இன்னும் அதிகமாகவே சிரித்திருப்பேன்.

இரண்டாயிரம் பிறந்து மூன்று நான்கு வருடம் ஆகியிருக்கும். குமரேசன் என்று எனக்கு ஒரு சிநேகிதன் இருந்தான். எங்களைப் போலவே தமிழ்க் குடும்பம், பகலில் கார்ப்பரேஷன் லாரி ஓட்டுவான், சாயங்காலம் என் கடையில் வந்து உட்கார்ந்து கம்ப்யூட்டர் வேலை கற்றுக்கொண்டான். ஒவ்வொரு பாகமாகச் சேர்த்துத் தன் வீட்டுக்குத் தானே ஒரு கம்ப்யூட்டர் கட்டினான். அதில் அவனுக்கு ரொம்பப் பெருமை கிராபிக்ஸ் கார்டுதான். கேமரா ஒயரை நேராக அதில் செருகிப் படத்தை உள்ளே ஏற்றலாம். ஒரே ஒரு தொந்தரவு, அந்தக் கார்டு ஏற்றிய படத்தை அந்தக் கார்டு இருந்தால்தான் ஓட்டிப் பார்க்க முடியும். கல்ஃபிலிருந்து வந்த மச்சானிடம் கேமராவை இரவல் வாங்கி மேசைமேல் வைத்து, மூன்று வயது மகள் மீனுவோடு தான் விளையாடுவதை எடுத்து ஏற்றினான். இரண்டே மாதம், மஞ்சள் காமாலை வந்து போய்ச் சேர்ந்தான். முப்பத்திரண்டு வயது.

அவன் மனைவி செல்வி அந்தக் கம்ப்யூட்டரைப் போர்வை போட்டு மூடியவள் மூன்று வருடம் திறக்கவே இல்லை. பிறகு ஒரு நவராத்திரி சமயத்தில் கடைக்கு வந்தாள். விஜயதசமி அன்று காலை ரயிலில் மகளைக் கூட்டிக்கொண்டு திருநெல்வேலிக்கு, தன் அண்ணன் வீட்டோடு போய்விடப் போகிறாளாம். கம்ப்யூட்டர் ஓடுகிறது, படம்தான் ஓடவில்லை என்றாள். "அவளுக்கு அவரு சப்தமே ஓர்மை இல்லண்ணா. போறதுக்கு முன்னால ஒரு தடவை கேக்க வைக்கணும்" என்றாள். ஓர்மை என்றால் ஞாபகம், எங்கள் ஊர்த் தமிழில் மலையாளம் கலந்துதான் வரும்.

போய்ப் பார்த்தேன். மதர்போர்டிலேயே சாதாரண டிஸ்ப்ளே உண்டு, அதனால் திரை எரிகிறது. ஆனால் ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்குக் கார்டைத் தெரியவில்லை. உள்ளே இருக்கிற பாகங்களைக் காட்டும் பட்டியலில் கார்டின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மஞ்சள் கேள்விக்குறி. கழற்றி அதன் தங்கப் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்தேன், வேறு ஸ்லாட்டில் மாற்றினேன், கார்டை ஓட்டும் டிரைவர் சாஃப்ட்வேரை அழித்து மறுபடி ஏற்றினேன், ஒன்றும் நடக்கவில்லை. என் வீட்டுக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்க்கிறேன் என்று கார்டை எடுத்துக்கொண்டு வந்தேன். அங்கேயும் அதே கேள்விக்குறிதான்.

இதற்குள் துர்காஷ்டமி வந்துவிட்டது. எங்கள் பக்கம் அன்று சாயங்காலம் புத்தகங்களையும் தொழில் சாமான்களையும் பூஜைக்கு வைத்துவிட்டால், தசமி காலையில் எடுக்கும்வரை யாரும் தொடக்கூடாது. படிப்பும் கிடையாது, வேலையும் கிடையாது. என் மனைவி வசந்தா, மேசைமேல் இருந்த ஸ்குரூடிரைவர், மல்டிமீட்டர், சால்டரிங் அயர்ன் எல்லாவற்றையும் அள்ளியபோது கார்டையும் சேர்த்து அள்ளி, அதன் சிப்பின்மேல் சந்தனம் வேறு வைத்துவிட்டாள். மின்சாமானில் சந்தனம் வைத்தால் என்ன ஆகும் என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன். நவமி மதியம் அதை எடுக்கப் போனால் குறுக்கே நின்றாள்.

"செத்தவன் ஆசையா வச்சிருந்த சாமான். அதுக்கும் ஒரு நாள் பூஜை வேண்டாமா?"

எனக்குச் சாமி பயம் கிடையாது, வசந்தாவிடம் பயம் உண்டு. கார்டை அங்கேயே விட்டுவிட்டுக் கையை வீசிக்கொண்டு செல்வி வீட்டுக்குப் போனேன். முடியாது என்று நேரில் சொல்வதுதான் மரியாதை என்று நினைத்தேன்.

பள்ளுருத்தி போகும் வழியில் இரண்டு அறை வீடு. மழை தூறிக்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் பெட்டியில் கட்டிவிட்டார்கள், கம்ப்யூட்டர் மட்டும் மேசைமேல் அப்படியே இருந்தது, அதை என் கடையில் விட்டுப் போவதாக ஏற்பாடு. மீனு ஒரு தீப்பெட்டியை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காலையில் அவளுக்கு முன்பல் விழுந்திருக்கிறது. ஓட்டுமேல் எறி என்றால் மாட்டேன் என்கிறாளாம், நாம் போய்விட்டால் பல் இங்கே தனியாக இருக்குமே என்று அழுகையாம்.

கார்டு சரியானதும் படத்தை சி.டி. போட்டுத் தபாலில் அனுப்புகிறேன் என்று செல்வியிடம் சொன்னேன். அவள் கோபப்படவில்லை, அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

"அது செரி அண்ணா. ஆனா இந்த வீட்டுல வச்சுப் பாக்கணும்னு இருந்தேன். அங்க போய்ப் பாத்தா அவரு வெறும் படம்தான்."

என் தப்பில்லை என்று காட்டவாவது கம்ப்யூட்டரைப் போட்டேன். பட்டியலைத் திறந்து, பார் இங்கே கேள்விக்குறி இருக்கும் என்று விரலை வைத்தேன். கேள்விக்குறி இல்லை. அந்த இடத்தில் கார்டின் முழுப்பெயர் எழுத்துப் பிசகாமல் இருந்தது.

நம்பினால் நம்புங்கள், பெட்டிக்குப் பின்னால் கையைக் கொண்டுபோய்த் தடவினேன். கார்டு இருக்க வேண்டிய இடம் வெறும் ஓட்டை. என் ஆள்காட்டி விரல் பாதி உள்ளே போனது. கார்டு என் வீட்டில் சாமி முன்னால் இருக்கிறது. விரலை எடுக்காமலே இன்னொரு கையால் படத்தைக் கிளிக் செய்தேன், ஓடியது.

குமரேசன் பனியனோடு யானையாகக் குனிந்து நிற்கிறான், மீனு முதுகில் ஏறி அவன் காதைப் பிடித்துத் திருகுகிறாள், அவன் வலிக்கிறது வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டே சிரிக்கிறான். அந்தச் சிரிப்பைக் கேட்டதும் எனக்கு விரல், ஓட்டை எல்லாம் மறந்துவிட்டது. மீனு மூக்கு திரையில் முட்டும் அளவுக்கு நகர்ந்து உட்கார்ந்தாள். செல்வி என் பக்கத்தில் வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு நின்றாள். கடைசியில் அவன் எழுந்து கேமராவை அணைக்க வருகிறான். கையை நீட்டினான். ஆனால் அணைக்கவில்லை. எதிரே உட்கார்ந்து நேராகப் பார்த்தான்.

"மீனுக்குட்டி, பல்லைத் தீப்பெட்டியில பூட்டி வைக்காதே. ஓட்டு மேல எறி. நான் பாத்துக்கறேன்."

திரை கறுத்தது. மீனு எழுந்து, தூறலில் முற்றத்தில் நின்று பல்லை எறிந்தாள். ஓட்டில் விழுந்த சத்தம் எனக்கே கேட்டது. திரும்பி வந்து, அப்பா சத்தம் நல்லா இருக்கு என்று மட்டும் சொன்னாள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நான் அழுதேன். செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டு சாயா போடட்டுமா என்று கேட்டாள், வேண்டாம் என்று வந்துவிட்டேன். ஸ்லாட் காலியாக இருந்ததை அவளிடம் சொல்லவில்லை.

வீட்டில் கார்டு வைத்த இடத்திலேயே இருந்தது, சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. மறுநாள் அவர்கள் ரயில் ஏறிய பிறகு, கம்ப்யூட்டரைக் கடைக்குக் கொண்டுவந்து கார்டைத் துடைத்துப் போட்டேன். முதல் தடவையிலேயே சிஸ்டம் அதைக் கண்டுபிடித்துவிட்டது. மதர்போர்டு டிஸ்ப்ளேதான் அன்று எப்படியோ படத்தை ஓட்டியிருக்கும் என்று நீங்கள் சொல்லலாம். நானும் அப்படித்தான் நினைத்து, கார்டைக் கழற்றி ஒரு மாதம் தினமும் முயற்சி செய்து பார்த்தேன். ஒருநாள்கூட ஓடவில்லை.

கார்டோடு ஓட்டி, எதிலும் ஓடும்படி மாற்றி சி.டி. போட்டபோது படத்தை முழுக்கப் பார்த்தேன். யானை, காது, சிரிப்பு, எல்லாம் இருக்கிறது. குமரேசன் எழுந்து வருகிறான், கையை நீட்டுகிறான், அதோடு முடிந்துவிடுகிறது. அவன் உட்காரவும் இல்லை, பேசவும் இல்லை. படம் எடுத்தபோது மீனுவுக்கு மூன்று வயது, ஒரு பல்கூட விழவில்லை. நாலைந்து தடவை திரும்பத் திரும்ப ஓட்டிவிட்டு, ஒன்றும் எழுதாமல் சி.டி.யை அனுப்பி வைத்தேன்.

பத்து நாள் கழித்துச் செல்வி கடைக்குப் போன் செய்தாள். கடைசி பாகம் காணவில்லையே என்றாள். சி.டி.யில் இடம் போதவில்லை என்று வாய்க்கு வந்த பொய்யைச் சொன்னேன்.

"பரவால்ல அண்ணா. மீனுக்கு அவரு சொன்னது மனப்பாடம். அப்புறம் என்கிட்ட சொன்னது எனக்கு ஓர்மை இருக்கு."

அன்று படம் ஓடியபோது அவள் பக்கத்தில்தான் நான் நின்றிருந்தேன். அவன் செல்வியிடம் பேசியதாக ஒரு வார்த்தைகூட என் காதில் விழவில்லை. என்ன சொன்னான் என்று இத்தனை வருடத்தில் அவளிடம் கேட்கவும் எனக்குத் தைரியம் வரவில்லை.