ஒன்பது விநாடிக்கு ஒரு புள்ளி

இது நடந்தது. பட்டப்பகலில், காரைக்குடியில், என் கடையில் நடந்தது. நேரங்களை நினைவிலிருந்து சொல்லவில்லை. அன்றைய வேலைச் சீட்டில் என் கையெழுத்திலேயே இருக்கின்றன. பதினாறு வருடமாக லேப்டாப் போர்டு பழுது பார்க்கிறேன். பேய் என்று யாராவது பேசினால், வீட்டில் எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறவன் நான்.

போன புரட்டாசியில் ஒரு வியாழக்கிழமை. பகல் 1.20க்கு சௌபர்ணிகா வந்தார். கீழச்சிவல்பட்டிப் பெண், ஆராய்ச்சி மாணவி; எங்கள் பக்கம் செட்டியார் வீட்டுப் பெண் சின்னவரானாலும் ஆச்சிதான். கையிலிருந்த லேப்டாப்பில் உயிரே இல்லை.

“பாண்டிண்ணே, அஞ்சு மணிக்குள்ள தீசிஸ யுனிவர்சிட்டி சைட்டுல ஏத்தணும். இன்னைக்குத்தான் கடைசி. இல்லாட்டி மூணு வருசமும் போச்சு.”

“வேற எதுலயும் காப்பி இல்லையா ஆச்சி?”

“எடுக்கணும் எடுக்கணும்னு நெனச்சேன்... ஆத்தங்குடித் தரைக்கல்லப் பத்தி நானூறு பக்கம். கல்லு உடைஞ்சாக்கூட ஒட்டிருவாக. இத ஒட்ட மாட்டீகளா?”

திறந்து பார்த்தேன். சார்ஜரிலிருந்து வரும் மின்சாரத்தைப் போர்டுக்குள் விடும் சிறிய சிப் கருகியிருந்தது. மற்றவை நலம். ஆனால் அந்த மாடலில் ஹார்டு டிஸ்க் தனியாகக் கிடையாது; எல்லாம் போர்டிலேயே பற்றவைத்தது. போர்டு உயிர்பெற்றால்தான் தீசிஸ். புதுச் சிப் சென்னையிலிருந்து வர மூன்று நாள் ஆகும். இப்படிப்பட்ட சமயத்துக்கு எங்கள் தொழிலில் ஒரு வழி உண்டு. செத்த போர்டிலிருந்து அதே சிப்பை எடுத்துப் பொருத்துவோம். பழைய லேப்டாப் வாங்கி விற்கும் செம்மலை கொடுத்த போர்டு ஒன்று டப்பாவில் கிடந்தது. அதே மாடல்.

2.35. அந்தப் பழைய போர்டின் சிப் மேல் சூடான காற்றை 380 டிகிரியில் பிடித்தேன். ஈயம் ஒரு நிமிடத்தில் இளகிவிடும். நான்கு நிமிடமாகியும் இளகவில்லை. சலித்துப்போய்க் காற்றை நிறுத்தினேன். சிப் தானாக நழுவி வந்தது. தொட்டேன்... சில்லென்று இருந்தது.

3.10. அதை அவருடைய போர்டில் பற்றவைத்து சார்ஜரைச் செருகினேன். பவர் பட்டனைத் தொடவில்லை. திரை எரிந்தது.

“அண்ணே, நீங்க பிரம்மாதான் போங்க!”

பாஸ்வேர்டு கேட்டது. லேப்டாப்பின் கீபோர்டு மேஜையின் மறுமூலையில் கழன்று கிடந்தது. தனிக் கீபோர்டு ஒன்றை எடுக்கத் திரும்பினேன்.

“அண்ணே... நீங்களா அடிக்கிறீக?”

கட்டத்துக்குள் ஒரு கறுப்புப் புள்ளி.

பார்த்துக்கொண்டே இருந்தோம். இன்னொன்று. கடிகாரத்தைப் பிடித்தேன். ஒன்பது விநாடிக்கு ஒரு புள்ளி. பன்னிரண்டு விழுந்ததும் என்டர். தவறு என்றது திரை. மறுபடி... முதல் புள்ளி.

தனிக் கீபோர்டைச் செருகினேன். சௌபர்ணிகா அடித்த எழுத்து எதுவும் ஏறவில்லை. அந்தப் புள்ளிகள் மட்டும் ஏறின.

சார்ஜரைப் பிடுங்கினேன். செருகினேன். ஏழு முறை. அதேதான்.

4.05. திரை எச்சரித்தது. இன்னும் இருபது முறை தவறினால் பூட்டிக்கொள்ளும். திறக்க மீட்பு எண் வேண்டும். அது அவரிடம் இல்லை.

சிப்பைக் கழற்றினால் போர்டு சாகும். விட்டுவைத்தால்...

மவுஸைச் செருகி, புள்ளிகளை எழுத்தாகக் காட்டும் கண் குறியை அழுத்தினேன். ஆங்கில எழுத்தில் ஒரு பெயர்.

சந்திரலேகா.

“யாருண்ணே அது?”

“தெரியல ஆச்சி.”

அவர் திரைக்கு முன்னால் கைகூப்பினார். “யாரா இருந்தாலும்... கொஞ்சம் நிறுத்துங்க. எனக்கு அஞ்சு மணி வரைக்கும்தான்...”

புள்ளி நின்றது.

பதினெட்டு விநாடி.

டக்.

முதலிலிருந்து...

4.41. நீலத் திரை. பூட்டிவிட்டது.

5.00. அவர் அழவில்லை. என் கையைப் பார்த்தார். நான் கையை மேஜைக்கடியில் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் செம்மலையிடம் போனேன். அந்தப் போர்டு யாருடையது?

“அதா? சிவகங்கைப் பக்கம் ஒரு சாரு வீட்டுது. பக்கவாதம். பேச்சில்ல, ஒத்த வெரலுதான் அசையும். மகளக் கூப்பிடணும்னா லேப்டாப்புல பேர அடிப்பாரு, அது சத்தமாச் சொல்லும். ஒரு மத்தியானம் போர்டு போயிருச்சு. மக அடுத்த ரூம்புலதான் இருந்திருக்கு. ஒண்ணும் கேக்கல.”

“எப்பப் பாத்தாக?”

“சாயங்காலம். ஒடம்பு ஆறிப்போச்சு.” குரலைத் தாழ்த்தினார். “ஆனா வெரலு மட்டும்... சுடுகாட்டுக்குத் தூக்குற வரைக்கும் அடிச்சுக்கிட்டே இருந்துச்சுங்குது அந்தப் புள்ள.”