கட்டிலில் நித்திரை கொண்ட குடை

என் மாமியார் மீது சிட்னியில் வழக்கு வந்ததற்குக் காரணம் ஒரு குடை. வேறு யாராவது இப்படிச் சொன்னால் நானே நம்பமாட்டேன்.

மாமி யாழ்ப்பாணத்திலிருந்து விசிட்டர் விசாவில் வந்து, செவன் ஹில்ஸில் எங்களோடு இருந்தார். கந்தசஷ்டி வந்தது. ஆறு நாளும் வெறும் தண்ணீர்தான், ஏழாம் நாள் காலை விரதம் முடிக்கும் பாறணைக்குத்தான் சாப்பாடு என்று ஊரிலுள்ள எல்லோருக்கும் போன் போட்டு அறிவித்துவிட்டார். நானும் மனைவியும் சொன்ன எதுவும் எடுபடவில்லை. கடைசி நாள் மத்தியானம் மரக்கறிக் கடையில் வெண்டிக்காய் முறித்துப் பார்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் கட்டில் கொடுத்து, சேலைன் ஏற்றி, காலையில்தான் விடுவோம் என்றார்கள். குழாயால் போனது கணக்கில்லை, விரதம் முறியவில்லை என்று மாமி தீர்ப்புச் சொன்னார்.

பின்னேரம் சேலைன் முடிந்ததும் எழுந்து உட்கார்ந்தார். கோயிலில் சூரன்போர் தொடங்கப் போகிறது, அதைப் பார்க்காமல் என்ன விரதம் என்றார்.

"கெதியா வந்திடலாம் தம்பி, காரை எடுங்கோ."

கட்டில் பறிபோகக்கூடாதே. ஊர் பஸ்ஸில் சீட் பிடிக்க லேஞ்சித் துண்டு போடுவதுபோல, தன் நீளக் குடையைக் கட்டிலில் கிடத்தி, போர்வையை இழுத்து மூடினார். அந்த நேரம் எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது.

சூரன்போர் முடிந்த களைப்பில் நேரே வீட்டுக்கு வந்து படுத்துவிட்டோம். குடையை மறந்தே போனோம்.

இரவு முழுவதும் கட்டிலில் இருந்ததற்கும் சேர்த்து பில் வந்தது. மாமிக்கு மெடிகேர் என்ற அரசாங்க மருத்துவக் காப்பு கிடையாது. தொகையைப் பார்த்ததும் எனக்கே சேலைன் தேவைப்பட்டது. பகல் செலவைக் கட்டுகிறோம், படுக்காத இரவுக்கு ஏன் கட்டவேண்டும் என்று எழுதினேன். பதில் இல்லை. பிறகு கடன் அறவிடும் கம்பனி ஒன்று போன் எடுக்கத் தொடங்கியது. நான் கத்தினேன். அவர்கள் கத்தவே இல்லை, அதுதான் இன்னும் எரிச்சல். கடைசியில் மாமியின் பெயருக்குக் கோர்ட் கடிதம் வந்தது.

அப்போது மனைவி கர்ப்பம். மாமியின் விசா முடியப்போகிறது. பிரசவத்துக்கு அவர் நிற்கவேண்டுமென்றால் புது விசா வேண்டும், ஆஸ்பத்திரிக் கடன் இருந்தால் அது சிக்கல் என்று தெரிந்தவர்கள் எல்லோரும் பயமுறுத்தினார்கள். மாமி அழுதார்.

இலவச சட்ட மையத்தில் ஒரு வெள்ளைக்கார வக்கீல் அம்மா எங்கள் பக்க மறுப்பைப் பதிவு செய்து, ஆஸ்பத்திரிக் குறிப்புகளையும் எடுத்துத் தந்தார். இரவு எட்டு மணிக்கு, 'நோயாளி நல்ல நித்திரை' என்று எழுதியிருந்தது. அந்த நேரம் மாமி வேறெங்கோ இருந்ததற்கு ஆதாரம் உண்டா என்று கேட்டார். கோயில் நேரலை வீடியோ இருக்கிறதே என்று நான் துள்ளினேன். மாமி துள்ளவில்லை.

வீட்டில் போட்டுப் பார்த்தோம். கூட்டத்தில் மாமியின் முதுகு மட்டும்தான் தெரிந்தது. சரியாக எட்டு மணிக்கு, சூரனுக்குத் தலை மாற்றும் இடைவெளியில், கமரா ஒரு தூண் பக்கம் திரும்பியது. தூணுக்குப் பின்னால் மாமி, முழு முகத்தோடு. வாயில் உளுந்து வடை.

மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். மாமி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அது கோர்ட்டுக்குப் போனால் இனி ஊர் முகத்தில் முழிக்கமுடியாது, விசாவும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்று உள்ளேயிருந்து சொன்னார். ஒரு வடைக்காகப் பேரப்பிள்ளையை விடப்போகிறீர்களா என்று நான் கதவைப் பார்த்துக் கத்தினேன்.

காலையில் குளித்து, திருநீறு பூசி, என் முன்னால் வந்து நின்றார்.

"குடுங்கோ தம்பி. முருகன் அண்டைக்கே பார்த்திட்டார். இனி ஜட்ஜ் பார்த்தா என்ன."

வக்கீல் அம்மா வாக்குமூலத்தில் வடையை 'உப்பு டோனட்' என்று எழுதினார். மாமி ஒரேயொரு திருத்தம் சொன்னார். ஒன்று இல்லையாம், இரண்டாம்.

விஷயம் ஜட்ஜ் வரை போகவில்லை. வீடியோவைப் பார்த்த கம்பனி இரவுக் கணக்கை விட்டுவிட்டது. மிச்சத்தைக் கட்டி முடித்தோம். விசாவும் வந்தது.

மகள் அதே ஆஸ்பத்திரியில்தான் பிறந்தாள். மாமி கதிரையில் அமர்ந்து அவளை மடியில் வைத்திருந்தார். கை உளையும், பிள்ளையைத் தொட்டில் கட்டிலில் கிடத்துங்கள் என்று நேர்ஸ் அன்பாகச் சொன்னதை நான் தமிழில் சொன்னேன். மாமி பிள்ளையை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டார்.

"வேண்டாம் தம்பி. கட்டிலில வச்சா பில் எழுதிப்போடுவினம். இவள் என்ர மடியிலயே கிடக்கட்டும்."