துண்டுப்பிரசுரத்தில் நான் சேர்த்த ஒரு வரி

எங்கள் கட்டிட முதலாளி மாநகரசபைத் தேர்தலில் நிற்கிறார் என்று கேள்விப்பட்ட அன்று, ஆறு மாடியும் ஒரே மூச்சில் ஏறினேன். மனைவிக்கு உடனே சொல்ல வேண்டும் என்ற அவசரம். ஏறாமல் வேறு வழியும் இல்லை. எங்களுக்கு இருந்த ஒரேயொரு எலிவேற்றர் ஜூன் மாதமே படுத்துவிட்டது. உதிரிப்பாகம் வர வேண்டும் என்று ஒரு காகிதத்தை ஒட்டிவிட்டுப் போனவர்கள், போனவர்கள்தான்.

மனைவிக்கு இரண்டு முழங்காலும் சரியில்லை. ஜூனிலிருந்து அவள் தரையை மிதிக்கவில்லை. ஞாயிறு பூசையைக்கூடத் தொலைபேசியில்தான் பார்த்தாள். பல்கனியில் நின்று, கார் தரிப்பிடத்தில் யார் வந்தார், யார் போனார் என்று பின்னேரம் எனக்கு ஒப்புவிப்பாள். கேட்கக் கேட்க எனக்கு முதலாளிமேல் பற்றிக்கொண்டு வரும்.

கலியாணக் கார்ட் அடிக்கும் அச்சகமொன்றில் தமிழ் பார்ப்பது என் வேலை. தமிழ் வாக்காளர்களுக்கான முதலாளியின் துண்டுப்பிரசுரம் சுற்றிச் சுழன்று என் மேசைக்கே வந்தது. ஆங்கிலத்தில் இருந்த அவருடைய வாழ்க்கை வரலாற்றை நான் தமிழாக்க வேண்டும். பொய் சொல்லக் கூடாது, வாசிக்க வாசிக்க எனக்கு ஆள்மேல் மரியாதை வந்தது. மணிலாவில் பிறந்தவர். ரொறன்ரோவுக்கு வந்து அடுக்குமாடிகளின் படிகளைக் கழுவியிருக்கிறார். கழுவிய கட்டிடங்களில் ஒன்றையே பிறகு வாங்கியிருக்கிறார். அது எங்கள் கட்டிடம்! அதன் பிறகு அஜக்ஸ், ஸ்ரௌவ்வில் என்று நகருக்கு வெளியே வெறும் வயல்களில் தெருத்தெருவாக வீடு கட்டி விற்றுப் பெரிய கோடீஸ்வரர் ஆகிவிட்டார்.

மக்களுக்காக உழைப்பேன் என்று கடைசிப் பந்தி முடிந்திருந்தது. என் கை சும்மா இருக்கவில்லை. "முதல் வேலையாக எனது சொந்தக் கட்டிடத்தின் எலிவேற்றரைத் திருத்துவேன்" என்று தமிழில் மட்டும் ஒரு வரி சேர்த்தேன். அவருக்கா தமிழ் வாசிக்கத் தெரியும்? அச்சு இயந்திரம் ஓடத் தொடங்கியது. பயம் பாதி, சந்தோஷம் பாதி.

தமிழ் வீடுகளுக்குக் கூட்டிக்கொண்டு போக, தமிழாக்கிய ஆள் என்று அவர் என்னையே கேட்பார் என்று நான் நினைக்கவில்லை. அவருடைய தேர்தல் அலுவலகம் கலியாண வீடு போல இருந்தது. தட்டம் தட்டமாக நூடுல்ஸ், மூலையில் மைக். அவரே பாடினார், நன்றாகவே பாடினார். என்னைக் "குயா" என்று கூப்பிட்டார். அவர்கள் மொழியில் அண்ணை. அந்த ஒரு சொல்லில் நான் கொஞ்சம் கரைந்துபோனேன்.

முதல் வீட்டுக்காரர் அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு என்னிடம், "அண்ணை, எலிவேற்றர் திருத்திற ஆளெண்டால் எங்கட வோட் இவருக்குத்தான்" என்றார். அடுத்த வீட்டு அன்ரி, "எலிவேற்றர்! குட், குட்!" என்று அவருடைய தோளிலேயே தட்டினார். மூன்றாவது வீட்டு வாசலில் அவர் நின்றுவிட்டார்.

"குயா, ஏன் எல்லோரும் எலிவேற்றர் என்கிறார்கள்?"

அகப்பட்டுவிட்டேன். ஆனாலும் பொய் சொல்ல வாய் வரவில்லை. தாளை விரித்து, அந்த வரியில் விரலை வைத்து, அதை ஆங்கிலத்தில் சொன்னேன். சொன்ன சூட்டோடு மனைவியின் முழங்காலையும் சொன்னேன், கொஞ்சம் சத்தமாகவே. வேலை போனால் போகட்டும் என்றிருந்தது.

அவர் என்னைக் காரில் ஏறச் சொன்னார். நேரே எங்கள் கட்டிடம். நாலாவது மாடியில் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். "இந்தப் படிகளை நான் முழங்காலில் இருந்து கழுவியிருக்கிறேன்" என்றார். "வாங்கிய பிறகு ஒருநாளும் ஏறவில்லை."

கதவைத் திறந்த மனைவி, "உவர் ஆர்?" என்றாள். சொன்னேன். அவருக்குத் தேத்தண்ணி கொடுத்தாள். பேச்சு ஒன்றும் கொடுக்கவில்லை.

பத்தே நாளில் எலிவேற்றர் ஓடியது! மாடிக்கு மாடி கூச்சல். மனைவி சேலை உடுத்திக்கொண்டு இறங்கினாள். கீழே நின்றவர்கள் கைதட்ட, அவளுக்கு வெட்கமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. தேர்தலில் நானே வென்றுவிட்டதுபோல் எனக்குத் தலைகால் புரியவில்லை.

பிறகு அவர் வென்றார். ஆனால் நான் சொல்ல வந்தது வாக்களிப்பு நாளில் நடந்ததை. வாக்குச்சாவடி எங்கள் கட்டிடத்தின் கீழ்த்தளத்திலேயே இருந்தது. இருவரும் போட்டுவிட்டு மேலே வரும்போது கேட்டேன்.

"அவருக்குத்தானே போட்டனீர்?"

"இல்லை."

"என்ன விசர்க்கதை! எலிவேற்றரைத் திருத்தித் தந்தவர் எல்லே?"

"நாலு மாசம் நான் மேல கிடந்தனான். வோட் கேக்க வந்த இடத்திலதான் அவருக்கு என்ர கால் தெரிஞ்சது. அதுவும் நீங்கள் எழுதினபடியால்."

ஆறாவது மாடி வந்து கதவு திறந்தது. நான் வெளியே வந்தேன். அவள் வரவில்லை. உள்ளே நின்றபடியே பொத்தானை அமத்தினாள்.

"நீங்கள் போய்க் கதவைத் திறவுங்கோ. நான் இன்னொருக்கால் கீழ போயிட்டு வாறன்."