ஜெபத்துக்குக் காத்திருந்த ஜீப்

நேசமணியைப் போல ஒரு பிடிவாதக்காரனைப் பொழியூரில் நான் கண்டதில்லை. என் பக்கத்து வீட்டு வெல்டிங் பட்டறைக்காரன். போன மழைக்காலத்தில் கடல் ஏறி ரோட்டை மணல் மூடியபோது, ஆம்புலன்ஸ் பாதி வழியிலேயே நின்றுவிட்டது. மூச்சு முட்டிய அவன் மனைவி ஓமனாவை நாற்காலியில் வைத்துத் தூக்கிப் போனோம். மணலில் ஓடுகிற வண்டி ஒன்றைத் தானே செய்வதென்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டான்.

தட்டையான பானட்டும் உருண்டை விளக்கும் பழைய பட்டாள ஜீப்பைப் பார்த்துச் செய்தவை. மற்றதெல்லாம் அவன் கற்பனை: அகன்ற டயர், உயர்த்திக் கட்டிய அடிப்பாகம், பின்னால் ஓமனா படுத்துக்கொள்ள நீளமான சீட்.

"எந்தச் சண்டைக்காக்கும் பொறப்பாடு?" என்று கேலி செய்தவர்களில் நானும் உண்டு. அவன் சிரித்துக்கொண்டே வேலையைப் பார்ப்பான்.

ஒரு வெள்ளிக்கிழமை வண்டி தயாரானது. எங்கள் சபையில் புது வண்டியைப் போதகர் ஜெபித்த பிறகுதான் வெளியே எடுப்போம். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஜெபம் என்று ஓமனாவே பேசி வைத்திருந்தாள். சனிக்கிழமை மத்தியானம் கடல் மறுபடி ஏறியது. அவளுக்கு மூச்சிழுப்பும் வந்துவிட்டது.

நேசமணி சாவியை எடுத்தான். ஓமனா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஜெபிக்காத வண்டியில என்னை ஏத்தாதீங்க. எனக்குப் பயமாட்டு இருக்கு. ஆட்டோ விளியுங்க."

"எடி, ஆட்டோ மணல்ல தாழும்."

"இன்னைக்கு மட்டும் நான் சொல்லியதக் கேளுங்க."

யார் பேச்சையும் கேட்காதவன் அன்றைக்குப் பார்த்துக் கேட்டான். அதை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு ஆறவில்லை. ஆட்டோ வந்தது, அவளை ஏற்றினோம், கொஞ்ச தூரத்திலேயே சக்கரம் புதைந்தது. எவ்வளவு தள்ளியும் அசையவில்லை. நான் போதகருக்குப் போன் போட்டேன்.

"இதுக்கெல்லாம் எனக்காட்டு காத்து நிப்பீங்களா மக்கா? எடுத்துட்டுப் போங்க," என்று அதட்டினார்.

நேசமணி ஓடிப்போய் ஜீப்பை எடுத்து வந்தான். பின் சீட்டில் அவள் தலையை என் மடியில் வைத்திருந்தேன். குளத்தூர் தாண்டும்போது மூச்சு அடங்கிவிட்டது. முன்னால் வண்டி ஓட்டுகிறவனிடம் அதை எப்படிச் சொல்வேன்? ஆஸ்பத்திரி வரைக்கும் வாய் திறக்கவில்லை.

உடலைக் கொண்டுவந்த ஆம்புலன்சும் மணலோரத்தில் நின்றுவிட்டது. அங்கிருந்து வீட்டுக்கு அவளைப் பின்னாலேயே வந்த ஜீப்பில்தான் கொண்டுபோக வேண்டும். போதகர் அழுதுகொண்டே பானட்டில் கைவைத்து ஜெபிக்கப் போனார்.

"வேண்டாம் போதகரே," என்றான் நேசமணி. "அவளுக்கு இனி பயமில்லியே."