பக்கத்து ஊட்டுக்குப் போகும் கால்

ஒரு பெண்ணின் கால் கோணலாகப் பூட்டப்படுவதைப் பார்த்துக்கொண்டே தடுக்காமல் நின்றேன். தெரியாமல் அல்ல, தெரிந்தே. வரிசையாகச் சொன்னால்தான் என்னால் பொய் கலக்காமல் சொல்ல முடியும். ஆகவே வரிசையாகவே சொல்கிறேன்.

1. சகாயமேரி, இருபத்தாறு வயது, கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒப்பந்தத் தொழிலாளி. கவரைப்பேட்டையில் கம்பெனி வண்டியைப் பிடிக்கச் சாலையைக் கடந்தபோது லாரி இடித்து வலது தொடை எலும்பு முறிந்தது.

2. எலும்பின் உள்ளே நீளமான கம்பியைச் செலுத்தி, மேலும் கீழும் திருகாணி போட்டுப் பூட்டுவது என்று முடிவாயிற்று.

3. செய்தவன் தினகர், எலும்பு அறுவை சிகிச்சையில் இரண்டாம் ஆண்டு முதுநிலை மாணவன். மேற்பார்வை நான். அதே மருத்துவமனையில் படித்து முடித்து, அங்கேயே பயிற்றுநராகச் சேர்ந்து ஆறு மாதம் ஆகியிருந்தது.

4. கீழ்ப் பூட்டைப் போடுமுன் கால் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். அவன் பார்க்கவில்லை.

5. நான் பார்த்தேன்.

6. "பூட்டிடு தினகர்" என்றேன்.

ஏழாவதும் ஒன்று இருக்கிறது. அதற்கு எனக்குக் கொஞ்சம் நேரம் வேண்டும்...

முறிந்த தொடை எலும்பு இரண்டு துண்டு. உள்ளே போகும் கம்பி இரண்டையும் ஒரே கோட்டில் நிறுத்திவிடும். ஆனால் கீழ்த்துண்டு அந்தக் கம்பியைச் சுற்றி, கீலில் கதவு திரும்புவது போல, உள்ளேயோ வெளியேயோ திரும்பிக்கொள்ளலாம். பூட்டிவிட்டால் திரும்பிய இடத்திலேயே நின்றுவிடும். அதனால்தான் தொடங்கும்போதே நல்ல காலையும் படமெடுத்துத் திரையில் வைத்துக்கொள்கிறோம். தொடை எலும்பின் மேற்பகுதியில், உட்பக்கம், ஒரு சிறு மேடு உண்டு. முட்டிச்சில்லு கூரையைப் பார்த்திருக்கையில் இரண்டு காலிலும் அந்த மேடு ஒரே அளவில் தெரிய வேண்டும். ஒரு நிமிட வேலை!

தினகர் நல்ல காலைப் படமெடுக்க மறந்துவிட்டான். எனக்கு அந்தப் படம் தேவைப்படவில்லை. திரையில் மேடு பாதிக்கு மேல் எலும்புக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. அவன் டிரில்லை எடுத்தான். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

அது எங்கள் துறையில் கற்றுக்கொடுப்பவர்களுக்கான விதி. மாணவன் தடுமாறினால் கருவியைப் பிடுங்காதே, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நில், அவனே கண்டுபிடிக்கட்டும். பயிற்றுநர் வகுப்பில் இதை எனக்குப் படம் போட்டே காட்டியிருக்கிறார்கள். அன்று யார் உள்ளே வந்து பார்த்திருந்தாலும் நல்ல ஆசிரியை என்றுதான் நினைத்திருப்பார்கள். வாயையும் கட்டிக்கொள் என்று அந்த விதியில் எங்கும் இல்லை.

ஏன் செய்தேன்?

'கை' என்ற ஒரு சொல்லுக்காக. எங்கள் யூனிட்டில் ஒருவரைப் புகழ வேண்டுமென்றால் 'அவனுக்குக் கை இருக்கு' என்பார்கள். அதற்கு மேல் புகழ்ச்சி கிடையாது. தினகர் சேர்ந்த மூன்றாவது மாதமே யூனிட் தலைவர், எங்கள் சீஃப், அதைச் சொல்லிவிட்டார். மூன்று வருடம் அவரிடம் படித்த எனக்குக் கிடைத்தது, "நீ நோட்ஸ் நல்லா எழுதுறம்மா." அறுவைகளைக் கணக்கு வைக்கும் என் லாக்புக்கில் 'உதவியது' என்ற பத்தி பக்கம் பக்கமாக நிரம்பியது. என் முறைக்கு வந்த தொடை எலும்புகள் இரண்டு அவனுக்குப் போயின. டிரில் கனமாக இருக்கும், அவன் பிடிக்கட்டும் என்பது சீஃப் சொன்ன காரணம். அந்த டிரில்லைத் தினமும் துடைத்து எடுத்து வைத்தவள் நான்.

இப்போது நீங்கள் மெல்ல என் பக்கம் சாய்ந்திருப்பீர்கள். பாவம், பெண் என்பதால் ஒதுக்கிவிட்டார்கள், அதனால்தான்... வேண்டாம். உங்கள் இரக்கத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். என்னை ஒதுக்கியது சீஃப். மேசையில் படுத்திருந்தது சகாயமேரி. அவள் என் லாக்புக்கைக் கண்ணால்கூடப் பார்த்தவள் இல்லை.

என் திட்டத்தையும் சொல்கிறேன். மறுநாள் ரவுண்ட்ஸில் சீஃப் போர்வையை விலக்குவார். வெளிப்பக்கம் சாய்ந்து கிடக்கும் பாதத்தைப் பார்ப்பார். எல்லோர் முன்னாலும் தினகருக்குத் திட்டு விழும். இரண்டு நாளில் மறுபடி ஆபரேஷன் தியேட்டர். கீழ்த் திருகாணிகளைக் கழற்றி, காலைத் திருப்பி, மறுபடி பூட்டினால் முடிந்தது. அதை நான் செய்வேன். சகாயமேரிக்கு இன்னொரு முறை மயக்க மருந்து, இன்னொரு முறை கத்தி. அதை நான் பெரிதாக நினைக்கவில்லை. நினைத்துப் பார்க்கவே இல்லை என்பதுதான் சரி.

சீஃப் போர்வையை விலக்கவில்லை!

எக்ஸ்ரேயை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். முன்பக்கப் படத்திலும் பக்கவாட்டுப் படத்திலும் எலும்பு அத்தனை நேர்த்தியாக இருந்தது. திருகல் அந்தப் படங்களில் தெரியாது. புத்தகத்தில் போடலாம் என்று தினகரின் தோளைத் தட்டினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நல்லா சொல்லிக் குடுத்திருக்கம்மா."

மூன்றரை வருடத்தில் முதல் புகழ்ச்சி. நான் என்ன செய்தேன் தெரியுமா? "தேங்க்யூ சார்" என்றேன்.

எலும்பு கூடத் தொடங்க இரண்டு வாரம் இருந்தது. தினமும் அவள் கட்டிலைக் கடந்தேன். வலியால் பாதத்தை அப்படி வைத்திருக்கிறாள் என்று நர்சுகள் தலையணையை முட்டுக் கொடுத்தார்கள். ஒருநாள் நானும் அந்தத் தலையணையைச் சரிசெய்தேன்... நாளைக்குச் சொல்லலாம் என்று ஒவ்வொரு நாளும் தள்ளினேன். சொன்னால், அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்பார்கள். கையில் பதில் இல்லாமல் இல்லை. இருந்த பதிலைச் சொல்ல முடியாது.

நான்காவது மாதம் அவள் வாக்கரை விட்டுவிட்டு வெளிநோயாளிகள் பிரிவுக்கு நடந்து வந்தாள். நானும் தினகரும் அடுத்தடுத்த நாற்காலியில் இருந்தோம். வாசலிலிருந்து மேசை வரைக்கும் வந்து நின்று, இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"இன்னா டாக்டரம்மா, நான் நேரா போய்க்கினு இருக்கேன், என் காலு மட்டும் பக்கத்து ஊட்டுக்குப் போவுது?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். தினகர் சிரிக்கவில்லை. அவளைப் படுக்கவைத்து இரண்டு காலையும் தளர்வாக நீட்டிவைத்தான். இடது பாதம் மேலே பார்த்தது. வலது பாதம் சுவரைப் பார்த்தது. அவன் முகம் வெளிறிப்போனதை நான் பார்த்தேன். நான்கு மாதமாக நான் காத்திருந்த முகம் அது. பார்த்ததும் எனக்கு எந்த நிறைவும் வரவில்லை என்று எழுத ஆசைதான். ஆனால் வந்தது. ஒரு மூச்சு இழுக்கும் நேரம்... வந்தது.

கூடிவிட்ட எலும்பை வெட்டித் திருப்பி மறுபடி பூட்டலாம் என்று அவன்தான் அவளுக்கு விளக்கினான். அவள் முழுதாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்.

"இன்னொரு தபா ஒடைப்பியா நைனா? மறுபடியும் ஆறு மாசம் படுத்துக்கினு இருந்தா கம்பெனி லைன்ல என் எடம் இருக்குமா? வுடு, இப்டியே போய்க்கினு இருக்கேன்."

அன்று மதியம் படிக்கட்டருகே தினகர் என்னை நிறுத்தினான்.

"அக்கா, பூட்டுறதுக்கு முன்னாடி நீங்க ஸ்கிரீனைப் பாத்தீங்கல்ல. அப்போ சரியாத்தானே இருந்துச்சு?"

இதுதான் ஏழாவது.

"அப்போ சரியா இருந்துச்சு. நீ டிரில் போடும்போது திரும்பியிருக்கும்."

"என் கையாலயா அக்கா?"

"உன் கைதான் தினகர்."

ஆறாவதை ஒரு கணத்தின் பொறாமை என்று நீங்கள் தள்ளிவிடலாம். ஏழாவதை என்ன சொல்வீர்கள்? அவனே வழி திறந்து கொடுத்தான். ஒரே ஒரு 'இல்லை' போதும். அந்தச் சொல்லைச் சொல்லாததற்கு எனக்கு எந்தக் காரணமும் கிடையாது. அவன் அப்போதே தரையில் கிடந்தான்!

அதன் பிறகு அவன் டிரில்லைத் தொட்டால் கை நடுங்கியது. மூன்றாம் வருடத்தில் தன் முறைக்கு வந்த கேஸ்களை ஜூனியர்களுக்குக் கொடுத்தான். அவனுக்குப் பெருந்தன்மை என்றார்கள். அதில் சில கேஸ்கள் எனக்கும் வந்தன. வாங்கிக்கொண்டேன்.

நான் வளர்ந்தேன். பிளாஸ்டிக் எலும்புகளை மேசையில் பூட்டி வைத்து, வருகிற மாணவர்களுக்கு முறிவு அறுவையைக் கற்றுக்கொடுக்கிறேன். நான் தயாரித்த பதினோரு வரிச் சரிபார்ப்புப் பட்டியல் தியேட்டர் சுவரில் ஒட்டியிருக்கிறது. பக்கத்து மருத்துவமனைகளிலிருந்து கேட்டு வாங்கிப் போகிறார்கள். நான்காவது வரி மட்டும் சிவப்பு மையில் இருக்கும்: 'நல்ல காலை முதலில் படமெடு.' போன வாரம் முதலாண்டு மாணவி ஒருத்தி, இது மட்டும் ஏன் சிவப்பு என்று கேட்டாள். அதுதான் அதிகம் மறந்துபோகிறது என்றேன். அவள் அதையும் குறித்துக்கொண்டாள். நீங்கள் நம்பியிருக்க மாட்டீர்கள். அவள் நம்பினாள்.

இதை உங்களிடம் சொல்வது சுலபம். நீங்கள் யார் எனக்கு? உங்கள் கால் நேராக இருக்கிறது. உங்கள் கை நடுங்கவில்லை. மன்னிக்கவோ தண்டிக்கவோ உங்களிடம் எதுவும் இல்லை. அதனால்தான் உங்களைத் தேர்ந்தெடுத்தேன். இதுவும் ஒரு கோழைத்தனம் என்று சொல்லத் தோன்றினால், உங்களுக்கு முன்பே நான் சொல்லிக்கொண்டாயிற்று.

இன்றைய நிலை:

சகாயமேரியால் அதிக நேரம் நிற்க முடிவதில்லை. லைனிலிருந்து எடுத்துப் பேக்கிங்கில் உட்கார வைத்திருக்கிறார்கள். முட்டி தேய்கிறது. அதற்கு என்னிடம்தான் வருகிறாள். நான் பொறுமையாகப் பேசுகிறேனாம்.

தினகர் எளாவூர்ப் பக்கம் கிளினிக் வைத்திருக்கிறான். மாவுக்கட்டு மட்டும் போடுகிறான். கத்தி தேவைப்படும் தொடை எலும்பு வந்தால் சீட்டு எழுதி என்னிடம் அனுப்புகிறான். சீட்டின் தலைப்பில் 'அக்காவுக்கு' என்றிருக்கும்.

அந்த அறுவையின் குறிப்பு மருத்துவமனைக் கோப்பில் இருக்கிறது. என் கையெழுத்தில், அடித்தல் திருத்தல் இல்லாமல். கடைசிக்கு முந்தைய வரி: 'காலின் திருப்பம் சரிபார்க்கப்பட்டது.'

அவர்கள் இருவரிடமும் இன்னும் சொல்லவில்லை. வரும் செவ்வாய்க்கிழமை சகாயமேரி வருகிறாள்.